குடும்பத்தில் இடுப்பு விலகல் இருந்தால்: கைக்குழந்தைக்கு எந்தக் கிழமையில் எந்தப் படம்

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மூத்த பிள்ளைக்கோ சின்ன வயதில் இடுப்பு மூட்டு விலகி வைத்தியம் நடந்திருந்தால், புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு இரண்டு படங்கள் எடுத்துப் பார்ப்பது நல்லது. பிறந்து 6 கிழமையளவில் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கான். 4 மாதம் முடிந்து 6 மாதத்துக்குள் ஒரு எக்ஸ்ரே. ஸ்கான் நன்றாக வந்துவிட்டால் எக்ஸ்ரேயை விட்டுவிடலாம் என்று தோன்றும். சில வைத்தியர்களும் போதும் என்று சொல்வார்கள். குடும்பத்தில் இந்தக் குறை இருக்கிற பிள்ளைக்கு விடாமல் எடுப்பதே எங்கள் பக்கம். ஸ்கான் எடுத்த அன்று சரியாக இருந்த இடுப்புக் கிண்ணம் (தொடை எலும்பு உட்காரும் குழி) பிறகு வளர்ச்சியில் பின்தங்கலாம். அது வெளியில் தெரியாது, பிள்ளைக்கு நோகவும் நோகாது.

டி.டி.எச். என்று வைத்தியர்கள் எழுதுவது இதைத்தான். தொடை எலும்பின் பந்து இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்கார வேண்டும். கிண்ணம் ஆழம் குறைந்து சரிவாக இருப்பதும் டி.டி.எச்., பந்து முழுதாக வெளியே போய்விடுவதும் டி.டி.எச். கையால் பிடித்துப் பார்க்கும் பரிசோதனையில் இரண்டாவது வகைதான் சுலபமாக அகப்படும். முதலாவதைக் கண்டுபிடிக்கத்தான் படம்.

யார் இருந்தால் குடும்பக் கணக்கு

தாய், தகப்பன், கூடப்பிறந்த பிள்ளை. இவர்களில் ஒருவருக்குச் சின்னதில் இடுப்புக்கு வார் (கால்களை மடக்கி விரித்து வைக்கும் பட்டி) கட்டியோ, பிளாஸ்டர் போட்டோ, ஒப்பரேஷன் செய்தோ இருந்தால் அது உறுதியான குடும்ப வரலாறு. பெரியம்மா, மாமா, ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றால் கணக்கின் பாரம் குறையும். அதற்காகச் சொல்லாமல் விடவேண்டாம். எடுத்துக்கொள்வதா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

1970இல் ரூத் வின்-டேவிஸ் பிரித்தானியக் குடும்பங்களைப் பார்த்து எழுதிய கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: முன்பிறந்த பிள்ளைக்கு இருந்தால் அடுத்த பிள்ளைக்கு நூற்றுக்கு 6, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 12, பெற்றோரில் ஒருவருக்கும் முன்பிறந்த பிள்ளைக்கும் இருந்தால் 36. மூன்றாவது எண்ணைப் பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கண்காணிப்பு ஒரு படி கூடத்தான் இருக்கவேண்டும்.

எங்கள் குடும்பங்களில் இந்த வரலாறு நேராக வெளியே வராது. "சின்னனில ஏதோ கால்ல சுகமில்லாமல் இருந்தது" என்பதோடு கதை முடிந்துவிடும். ஆகவே கேட்கிற விதத்தை மாற்றுங்கள். அம்மம்மாவிடமும் அப்பம்மாவிடமும் தனித்தனியே கேளுங்கள்: கைக்குழந்தையாக இருக்கும்போது யாருக்காவது இரண்டு காலையும் விரித்து வைத்துக் கட்டினார்களா? பிந்தி நடந்த பிள்ளை உண்டா? ஒரு கால் கட்டையென்று செருப்புக்கு அடியில் உயர்த்தி வைத்தவர் உண்டா? ஐம்பது வயது வருமுன்னரே இடுப்பு மூட்டு மாற்றியவர்? போலியோ என்று சொல்லிவந்த நொண்டல் எல்லாம் போலியோ என்று இல்லை. போலியோவில் காலின் தசை மெலிந்து பலமில்லாமல் இருக்கும். கால் பலமாக இருந்தும் தாரா போல் ஆடி நடந்தவர் என்றால் இடுப்பைச் சந்தேகிக்கலாம். உறவினர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் பழைய எக்ஸ்ரேயையோ கடிதத்தையோ ஃபோனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லைவிட அதற்குக் கனம் அதிகம்.

கூடவே சொல்லவேண்டியவை: பிள்ளை பெண்ணா, முதற்பிள்ளையா, வயிற்றில் கடைசி மாதங்களில் தலை மேலே இருந்ததா, பனிக்குடத் தண்ணீர் குறைவாக இருந்ததா. சிசேரியன் செய்ததால் பிரீச் (வயிற்றில் தலை மேலே இருந்த நிலை) கணக்கில் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். வரும்.

பதிவேட்டில் எழுத்தில் வரட்டும்

கொழும்பில் டி சொய்சா, காசல் வீதி மகப்பேற்று ஆஸ்பத்திரிகளிலோ தனியார் ஆஸ்பத்திரியிலோ பிறந்தாலும், வீட்டுக்கு அனுப்பும் முன் பிள்ளையை ஒரு வைத்தியர் முழுதாகப் பார்ப்பார். இடுப்பையும் அப்போது பார்ப்பார். பந்தை வெளியே தள்ளிப் பார்ப்பது பார்லோ பரிசோதனை, வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவந்து பார்ப்பது ஓட்டோலானி. அந்த நேரத்தில் குடும்ப வரலாற்றைச் சொல்லி, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதித்தரக் கேளுங்கள். எழுதவேண்டியது ஒரே வரி: யாருக்கு இருந்தது, என்ன வைத்தியம், இன்று இரண்டு இடுப்பும் எப்படி, 6 கிழமையில் ஸ்கான். இந்த வரி இருந்தால் வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவும், 2, 4, 6 மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக் வைத்தியரும் நீங்கள் நினைவூட்டாமலே பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். சிங்களத்தில் சொல்லத் தடுமாறுகிறவர்களுக்கு எழுதியிருப்பது இன்னும் உதவி.

பிறந்த அன்றே ஓட்டோலானியில் பந்து "தடக்" என்று விழுவது கையில் பட்டால் 6 கிழமை காத்திருக்கும் கணக்கு அங்கே பொருந்தாது. அந்தப் பிள்ளை உடனே எலும்பியல் வைத்தியரிடம் போகவேண்டும். மெல்லிய "டிக்" சத்தம் வேறு. அது பெரும்பாலும் தசைநார் உரசுவது.

ஏன் 6 கிழமை, முதற்கிழமை அல்ல

பிறந்த புதிதில் தாயின் ஹோர்மோன் செல்வாக்கில் பிள்ளையின் மூட்டுகள் தளர்ந்திருக்கும். கிண்ணமும் முழுதாக முதிர்ந்திராது. முதற்கிழமையில் எடுத்தால் தானாகவே சரியாகப் போகிற பல இடுப்புகள் குறையுள்ளவையாகத் தெரியும். பிறகு தேவையற்ற வார், தேவையற்ற அழுகை. பிந்தினாலும் பிரச்சினைதான். வார் கட்டும் வைத்தியம் இளம் மாதங்களில்தான் நன்றாகப் பிடிக்கும், 6 மாதம் தாண்டினால் அதன் பலன் குறைந்துவிடும்.

திகதியைப் பிறந்த அன்றே நாட்காட்டியில் குறியுங்கள். மார்ச் 3இல் பிறந்த பிள்ளைக்கு 6 கிழமை முடிவது ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு அன்று! அந்தக் கிழமையில் கொழும்பில் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், ஸ்கான் செய்கிறவரும் உட்பட. அப்படி வந்தால் பின்தள்ளாமல் 5ஆம் கிழமைக்கு, ஏப்ரல் 7 பக்கமாக எடுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி ஸ்கான் தேவைப்பட்டால், அதே பிள்ளைக்கு 12 கிழமை முடிவது மே 26. எக்ஸ்ரேக்கான காலம் ஜூலை 3 முதல் செப்டெம்பர் 3 வரை. குறைமாதப் பிள்ளை என்றால் பிறந்த திகதியையும் எதிர்பார்த்த பிரசவத் திகதியையும் இரண்டையும் சொல்லுங்கள். எதை வைத்து எண்ணுவது என்பதை வைத்தியர் முடிவெடுப்பார், ரிப்போட்டில் இரண்டும் இருக்கவேண்டும்.

அரசாங்க வழியில் போவதானால் எம்.ஓ.எச். வைத்தியரோ பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியோ தரும் கடிதத்தோடு பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்துக்கு. காசு இல்லை, ஆனால் திகதி கிடைப்பதைப் பொறுத்தது. 6 கிழமையில் எடுக்கவேண்டியதற்கு 11ஆம் கிழமையில் திகதி தந்தால் "சரி" என்று வாங்கிக்கொண்டு வராமல், கடிதத்தைக் காட்டி முன்னதாகக் கேளுங்கள். அல்லது ஸ்கானை மட்டும் தனியாரில் எடுத்து, ரிப்போட்டோடு அதே கிளினிக்குக்குப் போங்கள்.

தனியாரில் சனல் பண்ணும்போது (நேரம் பதியும்போது) "பேபி ஸ்கான்" என்று மட்டும் சொன்னால் கர்ப்பிணி ஸ்கான் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். "கைக்குழந்தையின் இரண்டு இடுப்பு மூட்டுக்கும் ஸ்கான், கிராஃப் முறையில்" (கிண்ணத்தின் கோணத்தை அளக்கும் முறை) என்று சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: செய்கிறவர் கைக்குழந்தை இடுப்பு வழமையாகப் பார்க்கிறவரா? வயிற்று ஸ்கானில் கைதேர்ந்தவர் எல்லாம் இதில் கைதேர்ந்தவர் என்று இல்லை.

ஸ்கான் அறையில்

பட்டினி போடத் தேவையில்லை, போடவும் கூடாது. நேரத்துக்கு அரை மணி முன்னே பாலூட்டி முடித்துவிடுங்கள். பசித்த பிள்ளை காலை உதைக்கும், உதைக்கிற காலில் அளவு எடுக்க முடியாது. அன்று காலையில் எண்ணெய் பூசிக் குளிப்பாட்டாதீர்கள். வழுக்குகிற தொடையைப் பிடித்து வைப்பது கஷ்டம். பாம்பர்ஸை முழுதாகக் கழற்றாமல், பார்க்கிற பக்கத்தை மட்டும் திறந்தால் போதும். ஜெல் குளிரும், அறையில் ஏ.சி. ஓடும், ஆகவே மேல்சட்டையைக் கழற்றவேண்டாம். பழைய துவாய் ஒன்று கொண்டுபோங்கள்.

பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இடுப்பைச் சற்று மடக்கி, வெளிப்பக்கமாக நேர்கோட்டு ப்ரோப் ஒன்றை வைப்பார்கள். 7.5 மெகாஹேர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். தாயின் வேலை தலைமாட்டில் நின்று முகம் காட்டுவதும் தோளைப் பிடிப்பதும்தான். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம்.

ஒஸ்திரிய வைத்தியர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980இல் அறிமுகப்படுத்திய முறை இது. ஒரு குறிப்பிட்ட வெட்டுமுகத்தில் மூன்று அடையாளம் தெரியவேண்டும்: இடுப்பெலும்பின் இறக்கை வளையாமல் நேர்கோடாக, கிண்ணத்தின் அடியில் எலும்பின் கீழ்முனை, கிண்ண விளிம்பில் இருக்கும் லேப்ரம் என்ற மென்திசு. பந்து கிண்ணத்துக்குள் இருக்கிற இடுப்பில் இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் படத்தில் கோணம் அளப்பது சரியல்ல. ப்ரோப் சற்றுச் சாய்ந்தாலே நல்ல இடுப்பும் குறையுள்ளது போலக் காட்டும். குறை என்று வந்த ரிப்போட்டை எலும்பியல் வைத்தியர் தானே படத்தைப் பார்த்து உறுதிசெய்ய விரும்புவது அதனால்தான். படங்களையும் கேட்டு வாங்குங்கள், ரிப்போட் மட்டும் போதாது.

ரிப்போட்டில் எண் இருக்கிறதா

"இரண்டு இடுப்பும் சாதாரணம்" என்று மட்டும் எழுதிய தாள் பின்னால் ஒன்றுக்கும் உதவாது. அடுத்த படத்தோடு ஒப்பிட ஒரு எண் வேண்டும். வலது, இடது தனித்தனியாக அல்ஃபா கோணம், அன்றைய வயது கிழமையில், பந்து கிண்ணத்தால் எவ்வளவு மூடப்பட்டிருக்கிறது என்ற வீதம், அசைத்துப் பார்க்கையில் நிலையாக இருந்ததா என்பது. இவை இல்லாவிட்டால் அங்கேயே திரும்பிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் கேட்டு வாங்குவது நடக்காத காரியம்.

அல்ஃபா என்பது எலும்புக் கிண்ணத்தின் ஆழம். 60 பாகையோ அதற்கு மேலோ என்றால் முதிர்ந்த இடுப்பு, கிராஃப் முதலாம் வகை. 50 முதல் 59 என்றால் பிள்ளையின் வயதைப் பார்க்கவேண்டும். 12 கிழமைக்கு உட்பட்டால் அது இரண்டு-ஏ, பெரும்பாலும் இன்னும் முதிரவில்லை என்பதே அர்த்தம். 12 கிழமை தாண்டியும் அதே எண் நின்றால் இரண்டு-பி, அது வைத்தியம் பேசவேண்டிய இடம். 43 முதல் 49 வரை வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் எலும்பியல் வைத்தியரைக் காணவேண்டும். 43க்குக் கீழே என்றால் பந்து இடம் மாறியிருக்கிறது. பந்து மூடப்பட்ட வீதம் நூற்றுக்கு 50க்கு மேல் இருப்பது நல்லது.

ஓர் உதாரணம். 6 கிழமைப் பெண்பிள்ளை, வலது 63, இடது 57. வலது முடிந்தது. இடது இரண்டு-ஏ. 6 கிழமையில் 55க்குக் குறையாமல் இருப்பதால் முதிர்ச்சி வழியில் சரியாகப் போகிறது, வார் தேவையில்லை. ஆனால் 12 கிழமையில் மறுபடி ஸ்கான். அங்கே 61 வந்தால் 4 மாதத்துக்குப் பின் எக்ஸ்ரேயோடு பார்த்துக்கொள்ளலாம். 58இலேயே நின்றால் காத்திருக்கும் காலம் முடிந்தது. இதே பிள்ளைக்கு 6 கிழமையில் இடது 52 என்றிருந்தால் கதை வேறு, அது பின்தங்கிய இடுப்பு, 12 கிழமை வரை சும்மா விடமாட்டார்கள். "இரண்டு-ஏ" என்ற ஒரே பெயருக்குள் இந்த இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதால்தான் எண்ணைக் கேட்கச் சொல்கிறோம்.

4 முதல் 6 மாதத்தில் எக்ஸ்ரே

2 மாதத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். தொடை எலும்பின் பந்து அப்போது முழுக்கக் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அது விழாது. பந்தின் நடுவில் எலும்புப் பொட்டு பெரும்பாலும் 4 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில் தோன்றும். அதிலிருந்து எக்ஸ்ரே பேசத்தொடங்கும், ஸ்கானின் பார்வையோ அந்தப் பொட்டு மறைப்பதால் குறையத்தொடங்கும்.

முன்னிருந்து எடுக்கும் ஒரே ஒரு இடுப்புப் படம் போதும். கதிர்வீச்சு சிறிதளவுதான். ஆனால் பிழையாக எடுத்து இரண்டாம் முறை எடுத்தால் அது வீண். முதல்முறையே சரிவர சில வேலைகள் உண்டு.

அரைஞாணைக் கழற்றுங்கள். வெள்ளி அரைஞாண், அரைமூடி, தாயத்துக்கூடு எல்லாமே படத்தில் சரியாக இடுப்பெலும்பின் மேல் வெள்ளைக் கோடாக விழும். முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிற்றில் வெள்ளிமணி கோத்திருந்தால் மேசையில் வைத்துக் கத்தரிக்கோல் தேடுகிற நிலை வரும். முதல்நாளே வீட்டில் அவிழ்த்துவிட்டு, வந்தபின் புதுக்கயிறு கட்டுங்கள். அம்மம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சண்டை இல்லை. பாம்பர்ஸையும் கழற்றுங்கள், ஈரமான ஜெல் நிழல் விழுத்தும். ஊசி, பொத்தான், சிப் உள்ள சட்டை வேண்டாம்.

பிள்ளை மல்லாந்து, கால்கள் இரண்டும் சமாந்தரமாக, முழங்காற்சில்லு கூரையைப் பார்க்க இருக்கவேண்டும். இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் ஒரு கிண்ணம் ஆழமாகவும் மற்றது சரிவாகவும் பொய்யாகத் தெரியும். படம் வந்ததும் நீங்களே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு: கீழே இருக்கும் இரண்டு முட்டை வடிவத் துவாரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கவேண்டும். ஒன்று பருத்தும் மற்றது ஒடுங்கியும் இருந்தால் பிள்ளை திரும்பியிருக்கிறது. பிடிக்கிறவர் ஈயக் கவசம் போடவேண்டும். அடுத்த பிள்ளையை வயிற்றில் சுமக்கிற தாய் பிடிக்கக்கூடாது, அப்பாவையோ சித்தியையோ கூட்டிப்போங்கள். பிள்ளையின் அடிவயிற்றில் ஈயத்துண்டு வைக்கும் பழைய வழக்கத்தை வழமையாகச் செய்யவேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் சொல்லிவிட்டது. பார்க்கவந்த எலும்பையே அது மறைத்துவிடக்கூடும்.

இந்தப் படத்தில் அளப்பது கிண்ணக் கூரையின் சரிவு. இங்கே எண் குறையக் குறைய நல்லது, அல்ஃபாவுக்கு நேர்மாறு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் குழம்பவேண்டாம். 6 மாதத்தில் 30 பாகைக்கு மேல் என்றால் கவனம் தேவை, ஒரு வயதாகும்போது 25க்குள் வருவது எதிர்பார்ப்பு. பெண்பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடவே இருக்கும். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே 4, 5 பாகை வித்தியாசம் வரலாம். ஆகவே 26இலிருந்து 28 ஆனதை வைத்து இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை. எலும்புப் பொட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்திருக்கிறதா, ஒரு பக்கம் பிந்துகிறதா என்பதையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

எல்லாம் சரி என்றால் சிலர் அத்தோடு விடுவார்கள், சிலர் நடக்கத் தொடங்கும் காலத்தில் இன்னொன்று எடுப்பார்கள். பெற்றோருக்கும் மூத்த பிள்ளைக்கும் இருந்த வீட்டில் அந்த மூன்றாவது படத்தைக் கேட்டு எடுங்கள்.

வார் கட்டிய பிள்ளைக்கு

பவ்லிக் என்ற வகை வார் கட்டினால் தொடக்கத்தில் ஒன்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஸ்கான் நடக்கும். ஸ்கானுக்குப் போகும் முன் வாரை நீங்களாகக் கழற்றாதீர்கள், கட்டிய நிலையில் பந்து எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். விலகிய பந்து 3, 4 கிழமையில் உள்ளே வராவிட்டால் அதே வாரைத் தொடர்வது கிண்ணத்தின் பின்விளிம்பைக் கெடுக்கும். அங்கே வைத்தியர் வழி மாற்றுவார். நடுவில் ஒரு காலின் முழங்கால் உதைப்பு நின்றுபோனால் அடுத்த திகதி வரை பொறுக்காமல் அன்றே போங்கள். தொடை நரம்பு அழுந்தியிருக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே கண்காணிப்பு நடை பழகியபின்னும் வருடக்கணக்கில் தொடரும்.

படங்களுக்கு இடையில்

பாம்பர்ஸ் மாற்றும்போது இரண்டு தொடையையும் மெதுவாக விரித்துப் பாருங்கள், பலம் போடாமல். ஒரு பக்கம் மற்றதைவிடக் குறைவாக விரிந்தால் அது 3 மாதத்துக்குப் பிறகு மிக நம்பத்தக்க அடையாளம். அந்த வயதில் ஓட்டோலானி, பார்லோ இரண்டும் விலகிய இடுப்பிலும் ஒன்றும் காட்டாமல் போகலாம். தொடை மடிப்பு ஒன்று கூட இருப்பது மட்டும் பெரிதாக எதுவும் சொல்லாது. இரண்டு பக்கமும் விலகியிருந்தால் வித்தியாசமே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்கானில் சரியாக இருந்த பிள்ளையானாலும் விரிவு குறைந்தால் எக்ஸ்ரே திகதியை முன்னே இழுங்கள்.

குளிப்பாட்டும்போது இரண்டு காலையும் சேர்த்து நீட்டி இழுத்துப் பிடிப்பதும், பிறகு கால் நேராக இருக்கவேண்டும் என்று இறுக்கிச் சுற்றுவதும் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். கையைச் சுற்றலாம், இடுப்புக்குக் கீழே துணி தளர்ந்து, கால் மடிந்து விரிய இடம் இருக்கவேண்டும். ஏணையில் போட்டாலும் அதே கணக்கு. ஒக்கலில் தூக்கிவைப்பது, தலை நின்றபின், நல்ல நிலை. "இரண்டு நெப்கின் சேர்த்துக் கட்டு, சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லக்கூடும். ஆனால் அது வைத்தியம் அல்ல, அதை நம்பி ஸ்கான் திகதியைத் தள்ளக்கூடாது.

ரிப்போட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், சீ.டி.யில் தந்த படங்களை இன்னோர் இடத்திலும் பிரதி எடுங்கள். அடுத்த பிள்ளைக்குக் குடும்ப வரலாறு கேட்கும்போது காட்டவேண்டியது அந்தக் கோப்புத்தான். மூத்த பிள்ளைக்கு ஒரு படமும் எடுக்காமல் விட்டிருந்து இப்போது கடைசிப் பிள்ளைக்குக் குறை கண்டுபிடிபட்டால், மூத்தவரின் இடுப்பையும் அதே கிளினிக்கில் ஒருமுறை காட்டுங்கள்.